பஸ் நிற்கும் இடத்துக்கு யார் சாட்சி?

“பஸ் நிற்கிற இடத்தையும், பக்கத்திலுள்ள பெஞ்சையும், தெருவிளக்கையும், தண்ணீர்க் குழாயையும் செல்போனில் குறித்து உலக வரைபடத்தில் ஏற்றிக்கொண்டு திரிகிறார்களாமே சில வாலிபர்கள்! வேலைவெட்டி இல்லையா இவர்களுக்கு?” என்று கேட்கிறார்கள் சில கனவான்கள். இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் அதிகாரிகள் அல்ல. நம்மோடு ஊர்வலத்தில் நடக்கிறவர்கள் சிலரும் கேட்கிறார்கள். “கூலிப் பிரச்னை கிடக்கிறது, கண்மாய்த் தண்ணீர்ப் பிரச்னை கிடக்கிறது, பஸ் ஸ்டாப்புக்குப் படம் போடுவதுதான் இப்போது அவசரமா?” என்பது இவர்களுடைய வாதம்.

அவசரம்தான் என்று நாம் சொல்கிறோம். ஏன் என்பதையும் சொல்கிறோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடிக்கும், இந்தப் பக்கம் பந்தல்குடிக்கும், ரெட்டியபட்டிக்கும், பரளச்சிக்கும் போகிற சாலைகளில் ஒரு நாள் பஸ் ஏறிப் பார்க்கட்டும் இந்தக் கனவான்கள். வானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஆண்பிள்ளை அதில் ஏறி வேலைக்குப் போய்விடுகிறான். மிச்சமிருப்பவர்கள் யார்? விடியுமுன்பே ஷிப்டுக்குக் கிளம்பும் பஞ்சாலைப் பெண், கரிமூட்டத்தில் வேலை செய்து உடம்பெல்லாம் கரியாகி வீடு திரும்பும் குடும்பம், பூ மூட்டையோடு காத்திருப்பவள், சர்க்கரை மாத்திரை வாங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி, கல்லூரிக்குப் போகும் மாணவி. இவர்களுக்கு பஸ் ஒன்றுதான் கதி. அந்த பஸ் இவர்கள் நிற்கிற இடத்தில் நின்றால்தான் அது பஸ். நிற்காமல் போனால், புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிற ஒரு தகரப் பெட்டி!

எங்கே நிற்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இதுதான் கேள்வி.

கண்டக்டரிடம் ‘ஸ்டேஜ்’ பட்டியல் இருக்கிறது. ஸ்டேஜ் என்பது கட்டணத்தைக் கணக்கிடுவதற்காக ஏற்பட்டது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே ஜனங்கள் ஏறி இறங்குகிற இடங்கள் மூன்று இருக்கும், நான்கு இருக்கும். இந்த மூன்றும் நான்கும் எந்தக் காகிதத்தில் ஏறியிருக்கின்றன? பழைய டிரைவரின் ஞாபகத்தில் இருக்கின்றன, கண்டக்டரின் விசிலில் இருக்கின்றன, ஊரார் வழக்கத்தில் இருக்கின்றன. டிரைவர் மாறினால் ஸ்டாப்பும் மாறும். வண்டி தாமதமானால் ஸ்டாப் மறைந்தே போகும். நிறுத்தம் நிறுத்தமாக, சாலையின் இரு பக்கமும் பிரித்து, இடத்தைக் குறித்து, சாதாரண ஜனங்கள் பார்க்கும்படி வைத்த ஒரு பட்டியலை இந்தத் தடங்களுக்கு நாம் கண்டதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு வாகனங்கள் நிற்குமிடங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில சர்க்காருக்கும், அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. உள்ளாட்சி ஸ்தாபனத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் இருக்கிறது, கலந்துகொண்டவர்கள் யார் என்று கிராமத்தில் கேட்டுப் பாருங்கள்! “பஸ் நிற்பதில்லை” என்று மகஜர் எழுதிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனால், “அந்த இடத்தில் ஸ்டாப் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று திருப்பிக் கேட்பார்கள். தாத்தா காலத்திலிருந்து அந்தப் புளியமரத்தடியில்தான் ஏறுகிறோம் என்றால் அது ஆதாரமாகாதாம். புளியமரத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே!

2021 மே மாதம் முதல் மாதருக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் டிக்கெட் இல்லை. நல்ல காரியம். ஆனால் ஓசிப் பயணம் என்று முகத்தைச் சுளிப்பவர்கள் இருக்கிற நாட்டில், நாலு பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பைக் காணாதது போல் வண்டி போய்விட்டால், கொடுத்த உரிமை எங்கே போயிற்று? வண்டியில் ஏறினால்தானே இலவசம்!

இங்கே ஒரு வார்த்தை. டிரைவரையும் கண்டக்டரையும் ஏசுவது சுலபம். அந்தப் பாட்டில் நாம் தாளம் போட மாட்டோம். டீசலை மிச்சம் பிடி, நேரத்துக்குப் போய்ச் சேர், ஆள் குறைவாக இருக்கிறது இன்னொரு ஷிப்டும் பார் என்று மேலிருந்து அழுத்துகிறார்கள். அழுத்தப்பட்டவர் பிரேக்கை மிதிக்க யோசிக்கிறார். ஸ்டாப் எது என்பது எழுத்தில் இருந்தால் அது அந்தத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு. “ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்கிற அதிகாரியிடம் அவர் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

நிழற்குடைப் பம்மாத்து

பஸ் நிற்கிற இடத்துக்கு வருவோம். அங்கே சில ஊர்களில் நிழற்குடை இருக்கிறது. எம்.பி. தொகுதி நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி என்று மக்கள் பணத்தில் கட்டியது. அதன் நெற்றியில் ஒரு முழ உயரத்துக்குப் பெயர் எழுதியிருக்கும். ஊர்ப் பெயரா? அல்ல, கட்டிக் கொடுத்த கனவானின் பெயர்! ஊரின் பெயரை ஒரு மூலையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல இடங்களில் அதுவும் கிடையாது. வெளியூர்க்காரன் இறங்கினால் தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை அறிய மாட்டான். அந்தத் தொகுதியில் யார் எப்போது ஜெயித்தார் என்பதை மட்டும் அறிந்துகொள்வான்.

இதைவிட வேடிக்கை, நிழற்குடை ஓரிடத்தில், பஸ் நிற்பது வேறிடத்தில். புறம்போக்கு நிலம் எங்கே கிடைத்ததோ, காண்ட்ராக்டருக்கு எங்கே சௌகரியமோ அங்கே குடையைக் கட்டிவிட்டார்கள். பஸ்ஸோ ஐம்பது அறுபது அடி தள்ளி, கிளைச்சாலை பிரிகிற முக்கில் நிற்கிறது. குடைக்குள் உட்கார்ந்தால் பஸ் போய்விடும். பஸ் பிடிக்க வேண்டுமானால் வெயிலில் நிற்க வேண்டும். ஆகவே ஜனங்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். குடைக்குள் ஆடு படுத்திருக்கிறது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த மரத்தையும் வெட்டிச் சாய்த்த இடங்களில் ஜனங்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

சர்க்கார் கணக்கில் என்ன இருக்கும்? ‘நிழற்குடை ஒன்று, கட்டி முடிக்கப்பட்டது.’ செலவும் முடிந்தது, கணக்கும் முடிந்தது. இந்தப் பித்தலாட்டத்தை வெட்ட வெளிச்சமாக்க வழி என்ன? பஸ் நிற்கிற இடத்தை ஒரு புள்ளியாகவும், குடை இருக்கிற இடத்தை வேறொரு புள்ளியாகவும், மரத்தை மூன்றாவது புள்ளியாகவும் குறித்துவிட்டால் போதும். இடையிலுள்ள தூரத்தை எந்தக் குழந்தையும் அளந்துவிடும். வாலிபர்கள் திரிந்து செய்கிற ‘வெட்டி வேலை’ இதுதான்!

கம்பெனிப் படமும் பொதுப் படமும்

“கூகுள் படத்தில் எல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு?” என்று அடுத்த கேள்வி வருகிறது.

கூகுள் படம் யாருடையது? கூகுள் கம்பெனியுடையது. 2008-இல் அந்தக் கம்பெனி ‘மேப் மேக்கர்’ என்று ஒன்றைத் துவக்கி, உங்கள் ஊரை நீங்களே படத்தில் போடுங்கள் என்று அழைத்தது. நம் நாட்டிலும் எத்தனையோ பேர் தெருத்தெருவாகப் போட்டுக் கொடுத்தார்கள். 2017 மார்ச்சோடு அதை மூடியது. போட்டவர்கள் கலைந்தார்கள், தொகுத்த படம் கம்பெனியிடம் இருந்தது. இப்போது ‘லோக்கல் கைடு’ என்று பட்டம் கொடுத்து, புள்ளிக் கணக்குக் கொடுத்து, அதே வேலையை வாங்குகிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஒரு டீ கிடைக்காது. 2018-இல் அந்தக் கம்பெனி தன் படத்தைச் சொந்தத் தளங்களில் பயன்படுத்துகிறவர்களுக்கு இலவச அளவைச் சுருக்கி, கட்டண முறையை மாற்றியது. உழைப்பு ஊராருடையது, சரக்கு கம்பெனியுடையது, விலை நிர்ணயிப்பதும் கம்பெனி. இந்தக் கதை பருத்தி விதைத்த கரிசல்காட்டுக் காரனுக்குப் புதிதா?

தவிரவும், கம்பெனிக்கு எந்த இடம் முக்கியம்? வியாபாரம் நடக்கிற இடம் முக்கியம். நகைக்கடையும் ஓட்டலும் பெட்ரோல் பங்கும் விளம்பரம் கொடுக்கும். நரிக்குடிச் சாலையில் ஒரு வேப்பமரத்தடி ஸ்டாப் என்ன விளம்பரம் கொடுக்கும்?

இதற்கு எதிரிடையாக ஒரு பொதுப் படம் இருக்கிறது. அதன் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் தொடங்கியது. அந்நாட்டில் சர்க்காரின் ஆர்டினன்ஸ் சர்வே அளந்து வைத்த படங்களை ஜனங்கள் காசு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. ‘அப்படியானால் நாமே அளந்து, நாமே வரைந்து, எல்லோருக்கும் பொதுவில் வைப்போம்’ என்று புறப்பட்டார்கள். இன்று உலகெங்கும் ஜனங்கள் அதில் வரைகிறார்கள். யாரும் சேரலாம், யாரும் திருத்தலாம். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற சரித்திரமும் அழியாமல் நிற்கும். 2012 முதல் அது திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தலாம், அச்சிடலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். தரவைத் திருத்தி விரித்துப் பொதுவில் வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும்.

பஸ் ஸ்டாப்பை அதில் குறிக்கும் முறையைச் சொல்கிறோம். ஜனங்கள் காத்து நிற்கிற இடத்தில், சாலையின் ஓரத்தில், ஒரு புள்ளி. போகிற பக்கத்துக்கு ஒன்று, வருகிற பக்கத்துக்கு ஒன்று. அந்தப் புள்ளிக்குப் பெயர் உண்டு. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதத் தனி இடம் உண்டு. அதன் கீழே விவரங்கள்: நிழற்குடை உண்டா இல்லையா, உட்காரப் பெஞ்சு உண்டா, இரவில் விளக்கு உண்டா, குப்பைத் தொட்டி உண்டா. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, மரம் எல்லாவற்றையும் தனித்தனிப் புள்ளிகளாகவும் போடலாம். ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்று ஒரு செல்போன் செயலி இருக்கிறது. படத்தில் ஏற்கெனவே ஏறிய ஸ்டாப்புக்குப் பக்கத்தில் போய் நின்றால், இந்தக் கேள்விகளை அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும். சிக்னல் இல்லாத காட்டிலும், முன்பே இறக்கி வைத்துக்கொண்டு பதிலைக் குறித்து, ஊருக்கு வந்து ஏற்றலாம்.

அது கேட்கிற கேள்விகளில் ஒன்று: பார்வையற்றோர் காலால் தடவி அறிகிற தரைக்கல் இந்த ஸ்டாப்பில் உண்டா? பரளச்சிச் சாலையில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைப் படித்தால் சிரிப்பு வரும். ஜல்லிக் குவியல்தான் நமக்கு நடைமேடை. ஆனால் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகக்கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு பஸ் நிறுத்தங்களில் அவர்களுக்கு வசதி செய்ய வேண்டும் என்று சர்க்காருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ‘இல்லை’ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பதில் எழுதுவோம். நூறு ஸ்டாப்பில் நூறு ‘இல்லை’ என்பது, சட்டத்தை யார் மீறுகிறார்கள் என்பதற்கு நூறு சாட்சியம்.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. “உங்கள் பொதுப் படத்தையும் கம்பெனிகள்தானே தின்கின்றன?” தின்கின்றன. 2022 டிசம்பரில் அமேசான், மெட்டா, மைக்ரோசாப்ட், டாம்டாம் ஆகியவை சேர்ந்து ‘ஓவர்ச்சர் மேப்ஸ்’ என்ற ஸ்தாபனத்தைத் துவக்கின. அவர்களுடைய சரக்கில் இந்தப் பொதுப் படமும் கலந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் சம்பள ஆட்களை வைத்து இந்தப் படத்தில் சாலைகளைத் திருத்துவதும் நடக்கிறது. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுக்கிணற்றில் பண்ணையாரும் வாளி விடுகிறார் என்பதற்காகக் கிணற்றைத் தூர்த்துவிடு என்று யாராவது சொல்வார்களா? கிணறு பொதுவில் இருக்கிற வரையில் நம் வாளியும் இறங்கும். அது அவர் தோட்டத்துக்குள் போய்விட்டால்தான் ஆபத்து. அதற்கு நாம் கிணற்றடியில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து குறை சொல்லிப் பயனில்லை.

அளந்தவன் யார்?

“இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை” என்கிறார்கள். ஐயமென்ன? சர்க்கார்தான் செய்ய வேண்டும். இங்கிலாந்து முதலாளித்துவ நாடுதான். அங்கே லட்சக்கணக்கான பஸ் ஸ்டாப்புகளுக்குத் தனித்தனி எண் கொடுத்து சர்க்கார் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிக்கொள்ளவும் கொடுத்தது. நம் நாட்டிலேயே டெல்லியில் 2018-இல் பஸ் தடங்களையும் நிறுத்தங்களையும் பொதுத் தரவாகத் திறந்தார்கள். டெல்லியில் முடிந்தது அருப்புக்கோட்டையில் ஏன் முடியாது? கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அவர்கள் செய்கிற வரையில் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

இந்த மண்ணை அளந்தவர்களின் சரித்திரம் நமக்குத் தெரியும். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள் வெள்ளையர்கள். ஆறு மாதம்கூட முழுதாகவில்லை. 1802 ஏப்ரல் 10-ந் தேதி சென்னை பரங்கிமலையடியில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி போட்டு அளக்கத் துவங்கினார். ஜெயித்த நாட்டை அளந்து வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? நிலவரி வசூலிக்க எந்த வயல் யாருடையது என்று அளந்தார்கள். படை நடத்த எந்த மலை எங்கே என்று அளந்தார்கள். வேலைக்குப் போகிறவள் வெயிலில் எங்கே நிற்கிறாள் என்று அளக்க அவர்களுக்கு ஒரு முடையும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகாவது படம் ஜனங்களுக்கு வந்ததா? 2016-இல் மத்திய சர்க்கார் ஒரு நகல் மசோதாவை வெளியிட்டது. அனுமதியில்லாமல் இடத் தகவலைச் சேகரித்தால் ஒரு கோடி முதல் நூறு கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு வருஷம் வரை சிறை! தெருக்குழாயைக் குறித்தவனுக்கு நூறு கோடி ரூபாய் அபராதம்! எதிர்ப்புக் கிளம்பியது, மசோதா சட்டமாகவில்லை. பின்பு 2021 பிப்ரவரியில் முன் அனுமதி தேவையில்லை என்று தலைகீழாகத் திரும்பி, புதிய வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஜனங்கள் மேல் திடீரென்று பிறந்த பாசமா? வரைபட வியாபாரத்துக்கு முதலாளிகள் வழி கேட்டார்கள், கதவு திறந்தது. பரவாயில்லை. அவர்களுக்காகத் திறந்த கதவு வழியே நாமும் நுழைவோம்.

நாம்தான் முதலில் நுழைகிறவர்கள் என்பதும் இல்லை. சந்தினோ பிறந்த நிகராகுவாவின் தலைநகரம் மனாகுவாவில் பஸ் தடங்களுக்கு ஒழுங்கான வரைபடமே இருந்ததில்லை. தொண்டர்கள் பஸ் பஸ்ஸாக ஏறி, ஸ்டாப் ஸ்டாப்பாகக் குறித்து, இந்தப் பொதுப் படத்தில் ஏற்றி, 2016-இல் காகிதத்தில் அச்சிட்டு ஜனங்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் செல்போனோடு நிற்காமல் அச்சிட்டார்கள் என்பதை நம் வாலிபர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டாப்பின் பெயர் என்ன?

இனி எல்லாவற்றையும்விடக் கடினமான விஷயத்துக்கு வருகிறோம். புள்ளியைப் போட்டுவிடலாம். அதற்கு என்ன பெயர் எழுதுவது?

இது அற்பமான கேள்வி என்று இந்த ஜில்லாவில் யாரும் சொல்ல முடியாது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். கட்டபொம்மனின் தளபதியாக நின்று உயிர் கொடுத்தவர் என்று தென்பாண்டி ஜனங்கள் போற்றும் வீரர். அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதி வெறியர்கள் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, ரத்தம் சிந்தியது, உயிர்கள் போயின. கடைசியில் சர்க்கார் என்ன செய்தது? அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயரைப் பார்க்கச் சகிக்காதவர்கள் இருந்த இடம் இது.

அந்த நோய் தீர்ந்துவிட்டதா? சாலையில் போய்ப் பாருங்கள். ஊர் ஒன்று, ஸ்டாப் இரண்டு. ‘ஊர்’ ஸ்டாப்பில் குடை, பெஞ்சு, விளக்கு. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்பு. அங்கே ஒன்றுமில்லை, கை காட்டினால் வண்டி நிற்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். அந்த இடத்துக்கு வழக்கில் உள்ள பெயர் ‘காலனி ஸ்டாப்’. சில இடங்களில் எழுத நா கூசுகிற சாதிப் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை சர்க்கார் ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்குவோம் என்று சட்டசபையில் முதல் மந்திரி அறிவித்தார். வரவேற்கிறோம். ஆவணத்தில் நீக்கலாம், விசில் ஊதுகிற வாயில், “காலனி இறங்கு” என்கிற குரலில் யார் நீக்குவது?

வரைபடக்காரர்களின் பொது விதி, தரையில் எது வழக்கில் இருக்கிறதோ அதை எழுது என்பது. மற்ற இடங்களில் சரியான விதி. இங்கே கவனமாகப் பிடிக்க வேண்டிய விதி. ‘வழக்கில்’ என்றால் யாருடைய வழக்கில்? டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் ஒரு பெயர் சொல்வார். அந்த ஸ்டாப்பில் தினமும் நின்று ஏறுகிறவளைக் கேட்டால் வேறு பெயர் சொல்வாள். அம்பேத்கர் நகர் என்பாள், இந்திரா நகர் என்பாள், அல்லது தங்கள் தெருவின் பெயரைச் சொல்வாள். ஆதிக்க சாதிக்காரர் வாயிலிருந்து வந்த பெயரை அப்படியே உலக வரைபடத்தில் ஏற்றிவிட்டால், தெருவில் இருந்த இழிவை உலகத்துக்கே அச்சடித்துக் கொடுத்ததாகும். அங்கே நின்று ஏறுகிறவர்கள் சொல்கிற பெயரை எழுத வேண்டும். வேறு பெயரும், பழைய பெயரும் எழுதப் படத்தில் தனி இடம் உண்டு. தேடுகிறவன் வழி தவறாதிருக்க அவசியமானால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். இழிவுப் பெயருக்கு அந்த இடத்தையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இப்படி ஐம்பது ஊர்களில் குறித்து முடித்த பிறகு, குடை உள்ள ஸ்டாப்புகளை ஒரு நிறத்திலும் இல்லாதவற்றை இன்னொரு நிறத்திலும் காட்டும்படி படத்தை எடுத்துப் பாருங்கள். விளக்கு உள்ளதற்கு ஒரு நிறம், இல்லாததற்கு ஒரு நிறம். தொகுதி நிதி எந்தத் தெரு வரையில் வந்து நிற்கிறது, எந்தத் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை என்பதற்கு அதன் பிறகு மேடையில் தொண்டை கிழியப் பேச வேண்டியிராது. “எல்லோருக்கும் சமமாகத்தான் செய்கிறோம்” என்கிற கனவான் முகத்துக்கு நேரே அந்தத் தாளைப் பிடிக்கலாம்.

“கூலிப் பிரச்னையை விட்டுவிட்டு” என்று பேசும் நம் ஆட்கள் இங்கே கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். ஷிப்டுக்கு பஸ் தவறினால் அன்றைய கூலி போகிறது. இருட்டில் விளக்கில்லாத ஸ்டாப்பில் இறங்க பயந்து பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலையில், ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகிற வண்டியிலிருந்து நடுராத்திரியில் கைக்குழந்தையோடு இறங்குகிறவளைக் கேளுங்கள், விளக்குக் கம்பம் அற்ப விஷயமா என்று! கூலிப் பிரச்னைக்கும் இதற்கும் நடுவில் சுவர் எழுப்புவது நம்முடைய சோம்பேறித்தனம்.

மினி பஸ் கணக்கு

உடனடியாக ஒரு காரியமும் இருக்கிறது. 2025-இல் தமிழக சர்க்கார் புதிய மினி பஸ் திட்டத்தைத் துவக்கியது. பஸ் வசதியே இல்லாத சாலைகளுக்கு தனியார் சிறு பஸ்கள் ஓடும் என்பது அதன் சாராம்சம். பாதையில் பெரும் பகுதி பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். எந்தச் சாலையில் பஸ் இல்லை என்று தீர்மானிப்பது யார்? பர்மிட் கேட்கிற முதலாளி ஒரு பாதையை வரைந்து கொண்டுவருவார். லாபமுள்ள பாதையைத்தான் வரைவார். கண்மாய்க்கரைக்கு அப்பாலுள்ள முப்பது வீட்டுக் குடியிருப்பை அவர் வரையப் போவதில்லை. ‘அந்த ஊருக்கு ஏற்கெனவே பஸ் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினால், அதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கடைசி ஸ்டாப் எங்கே, அங்கிருந்து குடியிருப்புக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறித்த படம் இருந்தால் மறுக்கலாம்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வோம். முதல் தடம் அருப்புக்கோட்டை–திருச்சுழி–நரிக்குடி. இரண்டிரண்டு பேராக, ஒருவர் செல்போனோடு, ஒருவர் நோட்டோடு. அவர்களில் ஒருவராவது அந்தச் சாலையில் தினமும் பஸ் ஏறுகிற பெண்ணாக இருக்க வேண்டும். கூகுள் படத்தைப் பார்த்து நகல் எடுக்கக்கூடாது. அது பொதுப் படத்தின் விதிக்கு விரோதம், பிடிபட்டால் போட்டதையெல்லாம் அழித்துவிடுவார்கள். வீட்டிலிருந்து ஊகமாகவும் போடக்கூடாது. போய் நின்று பார்த்ததை மட்டும் போட வேண்டும். பகலில் ஒரு தடவை, விளக்கு எரிகிறதா என்று பார்க்க இருட்டிய பிறகு ஒரு தடவை. கம்பம் இருந்து விளக்கு எரியாவிட்டால் அதை நோட்டில் தனியே எழுத வேண்டும். ஆட்களின் பெயர், போன் நம்பர் எதையும் படத்தில் ஏற்றக்கூடாது. முடிந்ததும் தடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, எங்கிருந்து எடுத்தது என்பதை ஓரத்தில் எழுதி, ஒரு பிரதியை டெப்போ சுவரில் டிரைவர், கண்டக்டர் தோழர்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அவர்கள் திருத்தம் சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. திருத்திய பிரதியை மகஜரோடு இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒன்று, கிராம சபையில் ஒன்று என்று கொடுக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. அந்தந்தத் தேதிக்கு முன்பு எந்த ஊர்ப் பகுதி முடிந்திருக்கிறதோ அந்த ஊர் சபையில் தீர்மானம் வைக்கலாம். மொத்தத் தடமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.